காதலியையே கேட்கும் செடி

'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' கதையை வாயால் சொன்னால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். நியூயார்க்கின் ஏழைப் பகுதியில் ஈ ஓட்டும் ஒரு பூக்கடை, அங்கே வேலை பார்க்கும் சீமோர், அவன் மனசுக்குள்ளேயே காதலிக்கும் ஆட்ரி, அவளைப் போட்டு அடிக்கும் ஒரு பல் டாக்டர், நடுவில் மனித ரத்தம் குடித்து வளர்ந்து, "சாப்பாடு போடு" என்று பாடவும் செய்யும் ஒரு செடி!

1960இல் ரோஜர் கார்மன் சொற்பச் செலவில் எடுத்த படம் இது. 1982இல் ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் இசை நாடகமாக்க, 1986இல் ஃபிராங்க் ஆஸ் அதைத் திரும்பவும் படமாக்கினார். கிராஃபிக்ஸ் கிடையாது, பெரிய செடியை ஆட்டுவிக்கவே ஒரு பட்டாளம் வேண்டியிருந்தது. செடியின் உதடு பாட்டோடு ஒத்துப்போக வேண்டுமே, அதனால் கேமராவை மெதுவாக ஓடவிட்டு எடுத்துப் பிறகு வேகம் கூட்டினார்கள். செடியோடு ஒரே ஃபிரேமில் வரும், சீமோராக நடித்த ரிக் மொரானிஸ் பாவம், மெதுவாகவே வாயசைத்து மெதுவாகவே நடித்திருக்கிறார். பார்த்தால் துளியும் தெரியாது.

எனக்குப் பிடித்தது இதன் குரூரம். டாக்டரைச் சீமோர் கொல்வதில்லை, சிரிப்பு வாயுவில் மூச்சு முட்டிச் சாகிறவரைக் காப்பாற்றாமல் நிற்கிறான், அவ்வளவுதான். அப்புறம் வெட்டிச் செடிக்குப் போடுகிறான். புகழ் வருகிறது, ஆட்ரியும் கிடைக்கிறாள். இப்படி வந்த காதல் நிலைக்குமா? நாடகத்தில் நிலைக்காது. பச்சைப் புல்வெளியோடு ஒரு குட்டி வீட்டில் குடித்தனம் நடத்துவதாகக் கனவு கண்டு முன்னே பாடிய அதே ஆட்ரி, சாகும்போது, என்னையும் செடிக்கே கொடுத்துவிடு, பச்சையான இடத்துக்குப் போய்விடுவேன் என்கிறாள். சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

படத்துக்கும் முதலில் அதே முடிவைத்தான் எடுத்தார்கள், ஊரையே செடிகள் நாசம் செய்யும் காட்சியோடு. முன்னோட்டத் திரையிடலில் ஜனங்களுக்கு அறவே பிடிக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். மேடையில் செத்தவர்கள் கடைசியில் வந்து கும்பிடு போடுவார்கள், சினிமாவில் செத்தால் செத்ததுதான் என்று ஆஸ் காரணம் சொன்னார். நியாயம்தான், ஆனாலும் 2012இல் வெளிவந்த பழைய முடிவுதான் எனக்கு ஒரிஜினல். வீட்டில் யாருக்காவது போட்டுக் காட்டுவதென்றால் மட்டும் சுப முடிவையே போடுங்கள், இல்லையென்றால் திட்டு உங்களுக்குத்தான் விழும்.