இரவல் கோல்கீப்பர்

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, 2014 ஏப்ரல் 30 அன்று லண்டனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதியின் துண்டுக் காட்சி ஒன்று கண்ணில் பட்டது.

ஆட்டம் 1-1. லண்டன் அணியான செல்சியின் அணித்தலைவர் ஜான் டெர்ரி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போயே தீரும் என்று தோன்றிய கணத்தில், அத்லெடிகோ மாட்ரிட்டின் கோல்கீப்பர் திபோ கோர்த்துவா பாய்ந்து அதைத் தட்டிவிடுகிறார்.

கோர்த்துவா அப்போது செல்சிக்குச் சொந்தமான ஆட்டக்காரர்! 2011-இல், 19 வயதில் வாங்கிய கையோடு அத்லெடிகோவுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள்.

செல்சிக்கு எதிராக அவரை இறக்கினால் அத்லெடிகோ பணம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததாகப் பேசப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமோ அத்தகைய நிபந்தனை செல்லாது என்று அறிவித்துவிட்டது. (இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் என்றால் அவர் பார்வையாளர் வரிசையில்தான் அமர்ந்திருப்பார்.)

அத்லெடிகோ 3-1 என வென்றது. அந்த ஆண்டு ஸ்பெயின் லீக் பட்டமான லா லிகாவும் அவர்களுக்கே கிடைத்தது.

இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்தவள் கதையாகிவிடும் அத்லெடிகோவின் நிலை என்றுதான், அந்தக் கோடையில் அவரைச் செல்சி திரும்ப அழைத்துக்கொண்டபோது நான் நினைத்தேன்.

ஆனால் அத்லெடிகோ பென்ஃபிகாவிடமிருந்து யான் ஓப்ளாக் என்ற கோல்கீப்பரை விலைக்கு வாங்கியது. அவரும் ரியோ ஆவே போன்ற சிறிய போர்ச்சுகல் அணிகளுக்கு இரவலாகப் போய்த் தேறியவர்தான்.