தூவானத்துக்கு இங்கே ஸ்மிர் என்று பெயர்

நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். கணவர் வேலைக்குப் போனதும் லீத் பகுதியில் எங்கள் மாடி வீட்டு ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தஞ்சாவூர்க்காரிக்கு மழை என்றால் ஐப்பசியில் கொட்டித் தீர்க்க வேண்டும். இங்கே பெய்வதோ மாவு சலித்தது போல இருக்கும். சத்தமே இல்லை. வெளியே போய் வந்தால் மட்டும் தலைமுடியெல்லாம் பொடிப்பொடியாக நீர் நிற்கும்.

அந்த மழைக்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

கேனன்கேட் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் இருக்கிறது. 1984இல் தொடங்கியது. கவிதைக்கென்றே ஒரு நூலகம். குளிருக்கு ஒதுங்கத்தான் முதலில் போனேன், அப்புறம் வாரம் தவறாமல் போனேன். அங்கே பழக்கமான ஒரு பெண்மணி தான் போகும் வாசிப்புக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். ஆளுக்கொரு கவிதை வாசிக்க வேண்டும்; கூடவே அவரவர் மொழியில் மழைக்கு இருக்கும் சொற்களைக் கொண்டுவர வேண்டும். எழுபது வயதிருக்கும் அவருக்கு. முதல் சொல்லாக 'ஸ்மிர்' என்றார். கண்ணுக்கே தெரியாத மெல்லிய மழை. நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே மழை! கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் 'ஹார்'. நாள் முழுக்க மந்தாரமாக, ஈரமாக, மனசையே அழுத்தும் பொழுது 'டிரீக்'.

என் முறை வந்தது. தூறல், சாரல், தூவானம் என்றேன். குற்றாலத்துச் சாரல் வேறு, ஜன்னல் வழியாகத் தெறிக்கும் சாரல் வேறு என்று விளக்கினேன். "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்பதைச் சொன்னபோது அந்த அம்மாள் திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். காதில் விழுந்தபடியே தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இந்த ஊருக்கு வந்த பிறகு, என்னிடம் இருப்பது இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது என்று நான் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

நூலக வாசலில் கல்லில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது: 'இலைகளால் வாழ்கிறோம்' என்று பொருள். யார் சொன்னது என்று விசாரித்தேன். பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் பேராசிரியர். 1886இல் கல்யாணமான கையோடு, வசதியானவர்கள் விட்டுப் போய்விட்ட இந்தப் பழைய நகரத்துக்கே மனைவியுடன் குடிவந்தவர். இடிந்த வீடுகளைச் செப்பனிட்டு, சந்துகளுக்குள் சும்மா கிடந்த துண்டு நிலங்களைத் தோட்டமாக்கினார். அதில் ஒன்று கோட்டைக்குக் கீழே ஜான்ஸ்டன் டெரஸில் இன்னும் பச்சையாக இருக்கிறது.

இதெல்லாம் சரி. அடுத்து நான் படித்ததுதான் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. 1914இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் இவரை அழைத்திருக்கிறார். நகரங்களைப் பற்றி இவர் வருஷக்கணக்காகச் சேர்த்த படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்! செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்டதே, "அவன் பெரிய எம்டன்" என்று நம் பேச்சிலேயே தங்கிவிட்டதே, அதே எம்டன். ஊரிலிருந்த நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

பிறகு மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். அதில் தஞ்சாவூரும் உண்டு. கோட்டைப் பகுதிச் சந்துகளை இடித்து நேர் ரோடு போட வேண்டும் என்பது அப்போதைய திட்டம். இவர் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். இடிந்து கிடப்பதை மட்டும் எடுங்கள், கிடைக்கும் இடத்தில் மரம் வையுங்கள், குடியிருப்பவர்களைக் கிளப்பாதீர்கள் என்றார். என் பாட்டி வீடு கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில்தான். திண்ணையில் காலை நீட்டினால் எதிர்த் திண்ணையில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசலாம். அப்படிப்பட்ட சந்துகளுக்காகப் பரிந்து பேசிய மனிதரின் ஊருக்கா வந்து, யாருமில்லை என்று ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்!

ஏப்ரலில் எங்கள் குழு லீத் ஆற்றங்கரையோரம் நடந்துகொண்டே கவிதை வாசித்தது. ஒரு வளைவில் பூண்டு வாசனை தூக்கியது. ரசத்துக்குத் தட்டிப் போட்ட பூண்டு மாதிரி. கரை முழுக்கக் காட்டுப்பூண்டு, அகலமான இலைகள். ஒன்றைக் கசக்கி முகர்ந்தேன், வாசனை சாயங்காலம் வரை விரலை விட்டுப் போகவில்லை. எது பறிக்கலாம், அதே மாதிரி இருக்கும் விஷ இலை எது என்று அந்த அம்மாள் காட்டித் தந்தார். ஒரு கைப்பிடி கொண்டுவந்து உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், துளி புளி வைத்துத் துவையல் அரைத்தேன். அம்மாவிடம் போனில் சொன்னால், "தெரியாத தழையெல்லாம் திங்காதடி" என்று பதறினாள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஓட்ஸ் பிஸ்கட்டில் தடவிச் சாப்பிட்டார்கள், கிண்ணம் காலி.

நான் மொழிபெயர்த்து வாசித்த முதல் குறுந்தொகைப் பாட்டும் அந்த மேசையில்தான். தலைவியின் பெயரே பாட்டில் இல்லையே, மலையும் மழையும்தானே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டார். அவளை எங்கே தேட வேண்டுமோ அங்கேதான் மழை பெய்கிறது என்று சொன்னேன். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

அடுத்த மாதம் வெயிலுக்கான சொற்கள். இந்த ஊர்க்காரர்கள் அதிகம் கொண்டுவர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் எழுதி வைத்துவிட்டேன்: இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், இறங்குவெயில், மஞ்சள் வெயில்.