மல்லி பொறுக்கிய வகுப்பு

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கிறிஸ்தவ சமயம் படிப்பித்த மிஸ்ஸைப் பற்றி எங்கள் கல்லூரியின் இந்த மலரில் யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர் வலைப்பந்துக் குழுவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவரில்லை, பரிசளிப்பு விழாவில் நாடகம் போட்டவருமில்லை. அவருக்குக் கிடைத்த பாடவேளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழியும் நேரத்தில். சைவப் பிள்ளைகள் தங்கள் சமய வகுப்புக்குப் போய்விட, மிஞ்சிய நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அவர் வருடம் முழுவதும் ஒரே கதையைத்தான் சொன்னார்: எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் அதை விட்டுப் புறப்பட்டு யோர்தான் கரைக்கு வந்து சேர்ந்த கதை. மிச்சப் பாடங்களை எப்போது முடித்தார் என்று கேட்காதீர்கள். முடிக்கவில்லை.

இப்போது கனடாவில், ஸ்காபுரோவில் எங்கள் சபைக் குடும்பங்களுக்கு ஒரு வேதபாடக் குழு நடத்துகிறேன். வெள்ளி இரவுகளில் யாராவது ஒருவருடைய வீட்டு பேஸ்மென்ற்றில் கூடுவோம். அப்பா, அம்மா, பிள்ளைகள், சில வீடுகளில் அம்மம்மாவும் வருவார். வேதாகமத்தில் இந்தக் கதை வருகிற யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் எடுத்தால் மிஸ்ஸும் கூடவே வந்துவிடுகிறார், கூப்பிடவே தேவையில்லை.

ஓய்வுநாள் பாடசாலைகளில் பெரும்பாலும் இந்தக் கதை சிவந்த சமுத்திரம் பிளந்ததோடு முடிந்துவிடும். படம் கீறுவதற்கும் அதுதான் நல்லது. மிஸ்ஸுக்குக் கடலில் அவ்வளவு அக்கறை இல்லை. "கடல் ஒரு ராத்திரி. வனாந்தரம் நாற்பது வருசம். எது பெரிய பாடம்?" என்பார். கடலைக் கடந்து பாட்டுப் பாடி மூன்று நாள் நடந்ததும் தண்ணீர் இல்லை. கிடைத்த மாராவின் தண்ணீரும் கசப்பு. அங்கேயே முறுமுறுப்புத் தொடங்கிவிட்டது. அற்புதத்தைக் கண்ணால் கண்டவர்களின் விசுவாசம் மூன்று நாளுக்குத்தான் தாக்குப்பிடித்தது என்பதை அவர் ஒருவிதச் சிரிப்போடு சொல்வார்.

வனாந்தரத்தில் அவர்களுக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவைப் படிப்பித்த விதம்தான் எங்களில் எவருக்கும் மறக்காது. வீட்டிலிருந்து ஒரு பை நிறைய மல்லி கொண்டுவந்தார், சமையலுக்குப் போடுகிற அதே மல்லி. மன்னா கொத்தமல்லி விதையைப் போல இருந்தது என்று யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது, அதனால். எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, வேப்பமரத்துக்குக் கீழே மணலில் அதை வீசி இறைத்தார். அப்புறம் எங்களைக் குடும்பங்களாகப் பிரித்தார். ஒரு கூடாரத்தில் ஆறு பேர், இன்னொன்றில் இரண்டே பேர், ஒன்றில் ஒரு கிழவியும் பேத்தியும். கிழவியாக நடித்தவள் இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள், வாசித்தால் சிரிப்பாள். வெயில் ஏறுமுன் பொறுக்கவேண்டும், ஏறினால் உருகிவிடும் என்று அவசரப்படுத்தினார். மணலோடு சேர்ந்து வருகிற மல்லியை ஊதி ஊதிப் பொறுக்கினால் உள்ளங்கைக் குழிகூட நிறையாது. ஒருத்தி சட்டைப் பைக்குள் கொஞ்சம் ஒளித்தாள். மிஸ் அதைப் பார்த்துவிட்டார், ஆனால் ஏசவில்லை. எல்லாவற்றையும் ஒரு பானையில் கொட்டச் சொல்லி, சுண்டால் அளந்து தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டார். அதிகம் பொறுக்கியவளுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கியவளுக்குக் குறையவில்லை.

பிறகு, சட்டைப் பைக்குள் ஒளித்தவளைப் பார்க்காமலேயே, அடுத்த நாளுக்கென்று வைத்த மன்னா புழுத்து நாறியதைச் சொன்னார். "நாளைக்கு எடுத்து வைக்காதே என்றால், நாளைக்கும் தருவேன் என்று அர்த்தம் பிள்ளையள்." ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு. அதை வைத்தாலும் கெடவில்லை. ஏழாம் நாள் வெளியே போய்த் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விசுவாசமும் கீழ்ப்படிவும் ஒரே பானைக்குள் இருப்பதை நான் முதலில் கண்டது அங்கேதான். தருவார் என்று நம்பினால்தான் சேர்த்துவைக்காமல் இருக்கலாம். அளவு கூடாரத்துக்கு இல்லை, கூடாரத்தில் இருக்கிற தலைக்கு ஒரு ஓமர். இந்தக் காலக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லீற்றர். வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தவர்தான் பொறுக்கப் போகலாம்.

ஸ்காபுரோவிலும் அதையே செய்து பார்த்தேன். கார்ப்பெற்றில் மல்லி போட்டால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டு அம்மாவிடம் முதலே கேட்டிருக்கலாம்தான். சரி, விடுங்கள்.

குழுவில் ஒரு தகப்பன். நல்ல மனுசன், இரண்டு வேலை செய்கிறவர். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, இவன் ஒரு சொல் கேட்கிறானில்லை. கீழ்ப்படிவைப் பற்றி ஒரு பாடம் எடுங்கோ. அந்த வனாந்தரத்துக் கதை நல்லம், பயம் வரும்" என்றார். பல பெற்றோர் எங்களிடம் எதிர்பார்ப்பது இதுதான்: பிள்ளையைப் பயப்படுத்தித் திருத்தித் தாருங்கள். எனக்கு உடனே மிஸ் காதேசை, இஸ்ரவேலர் கானானுக்குள் போகப் பயந்து நின்ற இடத்தை, படிப்பித்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் கரும்பலகையில் ஒரே ஒரு எண் எழுதினார்: 20.

இஸ்ரவேலரில் பன்னிரண்டு பேர், கர்த்தர் தருவதாகச் சொன்ன நாடான கானானை நாற்பது நாள் சுற்றிப் பார்த்து வந்தார்கள். எஸ்கோலில் அறுத்த ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாடு நல்லது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பத்துப் பேர், அங்கே இராட்சதர் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன் நாங்கள் வெட்டுக்கிளிகள் என்றார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும் போகலாம் என்றார்கள். ஜனம் இரவு முழுக்க அழுதது. அழும்போது சொன்ன காரணம் என்ன? எங்கள் பெண்சாதிகளும் பிள்ளைகளும் கொள்ளையாகிவிடுவார்களே என்பது. தங்கள் பயத்துக்குப் பிள்ளைகளைச் சாட்டினார்கள். எண்ணாகமம் 14இல் வருகிற தீர்ப்பு அந்தச் சாக்குப்போக்கை அப்படியே திருப்பிப் போடுகிறது: இருபது வயதும் அதற்கு மேலுமானவர்கள், அந்த இரண்டு பேரைத் தவிர, வனாந்தரத்திலேயே விழுவார்கள். கொள்ளையாவார்கள் என்று சொன்ன அதே பிள்ளைகள்தான் உள்ளே போவார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் பெரியவர்களின் அவிசுவாசத்தைச் சுமந்துகொண்டு நாற்பது வருடம் திரியவேண்டும்.

"ஆகவே கீழ்ப்படியாதவர்கள் யார்?" என்று மிஸ் கேட்டார். நாங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். இப்படி ஒரு கேள்வியை ஒரு பெரியவர் எங்களிடம் கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. அந்தப் பாடம் எங்களுக்கு இல்லை, எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு என்பது போல இருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

அந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே வெள்ளி இரவில் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். ஓரேப் மலையிலிருந்து காதேசுக்குப் பதினொரு நாள் பயணம்தான் என்று உபாகமத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. காதேசிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்க 38 வருடம் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. தூரத்தால் வந்த தாமதமில்லை. தீர்ப்பைக் கேட்ட மறுநாளே, சரி இப்போது போகிறோம் என்று சிலர் மலையேறப் புறப்பட்டதும் அங்கே உண்டு. அவர்களை வழிநடத்திய மோசே வேண்டாம் என்றார். கேட்கவில்லை. ஓர்மாவரைக்கும் அடித்துத் துரத்தப்பட்டார்கள். மகன் சிரித்தான். தகப்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பாடம் எனக்குத்தான்" என்றார். ஏற்றுக்கொண்டாரா, கோபித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தொடர்ந்து வருகிறார்.

குடும்பத்துக்குள் விசுவாசம் எப்படித் தேய்கிறது என்பதற்கு மிஸ் காட்டிய இடம் எண்ணாகமம் 11. மன்னா அலுத்துப்போய், எகிப்தில் சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். "சும்மா கிடைத்ததாம்! செங்கல் அறுத்த முதுகைக் கேட்டுப் பார்" என்று மிஸ் முகத்தைச் சுளிப்பார். அழுதது குடும்பம் குடும்பமாக, அவரவர் கூடார வாசலில் நின்று. முறுமுறுப்புக்குச் சங்கம் தேவையில்லை, வாசல்படி போதும். எங்கள் வீட்டில் இப்போது யாராவது ஊரைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் புலம்பினால், பிள்ளைகள் "வெள்ளைப்பூண்டு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதற்காகக் கேள்வியே கேட்கக்கூடாது என்று மிஸ் நினைத்தவரில்லை. செலோப்பியாத்தின் ஐந்து பெண்பிள்ளைகளை எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்தார்: மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்த தகப்பனுடைய பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று மோசேக்கு முன்னும் சபைக்கு முன்னும் நின்று கேட்டவர்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொல்லி, அதைப் பிரமாணமாக்கினார். அதே வனாந்தரத்தில் கோராகு என்பவன் கூட்டம் சேர்த்து மோசேயை எதிர்த்தான், இவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அந்த வித்தியாசத்தை ஒரு பெண்கள் கல்லூரியில் எழுபதுகளில் படிப்பித்த ஆசிரியையை நான் இப்போதுதான் சரியாக மதிக்கிறேன்.

எங்கள் குழுவில் 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கமாக நடந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பார்த்துக்கொண்டு, இஸ்ரவேலரைப் போலவே நாமும் என்று பிரசங்கம் பண்ணுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் அடிமை வீட்டிலிருந்து போனார்கள். இவர்கள் சொந்த வீட்டிலிருந்து போனார்கள். ஆனால் எண்ணாகமம் 9இல் இஸ்ரவேலருக்கு வழிகாட்டிய மேகம் தங்கினால் தங்கி, எழும்பினால் எழும்பிய பகுதியை வாசித்தபோது, அவர்களில் ஒருவர் பேசத் தொடங்கினார். மேகம் இரண்டு நாளும் தங்கும், ஒரு மாதமும் தங்கும், ஒரு வருடமும் தங்கும், எப்போது எழும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. அகதிக் கோரிக்கை விசாரணைக்குத் திகதி வரும்வரை காத்திருந்த நாட்களைப் பற்றி அவர் பேசினார். நடப்பது மட்டுமில்லை, சும்மா இருப்பதும் கீழ்ப்படிவுதான் என்பதை நான் விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதே இரவு அவருடைய மகள், பதினாறு வயதிருக்கும், "அன்ரி, கானானில் ஏற்கெனவே இருந்த ஆட்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். வீட்டை இழந்தவர்களின் பிள்ளைதான் அந்தக் கேள்வியை முதலில் கேட்கும். சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. யோசுவாவின் புத்தகத்தை அவளோடு இருந்து, கடினமான அதிகாரங்களைத் தாண்டாமல் வாசித்தோம். பதிலில் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

இந்த மாரியோடு எண்ணாகமம் முடிகிறது. அடுத்தது உபாகமம். அதன் ஆறாம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேசு என்கிறது. பிற்காலத்தில் பிள்ளை உன்னிடம் கேட்பான் என்றும் சொல்கிறது. அதனால் இம்முறை கேள்விகளைப் பிள்ளைகளிடமே எழுதி வாங்கினேன். முதல் தாளில் இருந்தது: நாற்பது வருடம் உழைத்த மோசே தண்ணீருக்காகக் கல்லோடு பேசாமல் அதை இரண்டு தரம் அடித்ததற்காக நாட்டுக்குள் போகக்கூடாது என்றால், அது கொஞ்சம் அதிகமில்லையா? அந்தத் தாளைப் பெற்றோரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அவகாசம் கேட்டிருக்கிறார்கள்.