திகதிகளில் லூப் ஓடவிட்டுப் பழகுங்கள்: உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிற தம்பி தங்கச்சிமார் பலர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை) என்றால் 1 முதல் 10 வரை அச்சிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு லூப் உண்மையாகப் பிடிபட்டது திகதிகளில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான்.

எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சுக்குள் (range) திகதியைக் கொடுத்தால் பைதன் நிரல்மொழி ஏற்காது, அதற்கு முழு எண்தான் வேண்டும். அதற்காக நாள், மாதம், வருடம் என்று மூன்று மாறி வைத்து, 31 வந்தால் மாதத்தைக் கூட்டு, பெப்ரவரி என்றால் வேறு மாதிரி என்று இஃப் மேல் இஃப் அடுக்கப் போகாதீர்கள், பெரிய கரைச்சல். 2000 லீப் வருடம், 2100 இல்லை என்பது வரைக்கும் பைதனோடு வரும் திகதிக் கணக்குக்கான டேட்டைம் (datetime) மொடியூலுக்கே தெரியும்.

தொடக்கத் திகதியை ஒரு மாறியில் வையுங்கள், அது முடிவுத் திகதியைத் தாண்டாத வரை வைல் லூப் ஓடட்டும், ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு நாள் டைம்டெல்டாவை (timedelta, அந்த மொடியூலில் கால இடைவெளியைக் குறிப்பது) கூட்டி விடையை அதே மாறியில் திரும்பப் போடுங்கள். இந்தத் திரும்பப் போடுவதுதான் முக்கியம். கூட்டினால் புதிய திகதி ஒன்றுதான் கிடைக்கும், பழையது மாறாது. அதை வாங்கி வைக்காவிட்டால் லூப் ஒரே நாளில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் எல்லை. 2024 பெப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை கழித்துப் பார்த்தால் 4, இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் 5. கேள்வியில் ‘உட்பட’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லூப்பின் நிபந்தனை சிறியதா (<), சிறியது அல்லது சமமா (<=) என்று முடிவு செய்யுங்கள். பாடசாலை நாள் மட்டும் வேண்டுமென்றால் கிழமையை எண்ணாகத் தரும் வீக்டே (weekday) இருக்கிறது: திங்கள் 0, சனி 5, ஞாயிறு 6. மார்ச் 2 சனிக்கிழமை, ஆகவே விடை 4. இதைக் கொப்பியில் சுற்றுச் சுற்றாக எழுதிப் பாருங்கள், பரீட்சை மண்டபத்தில் கணினி இருக்காது.

வீட்டில் வயல் இருந்தால் இன்னும் நல்லது. காலபோகத்துக்கு 2024 நவம்பர் 1 இல் விதைத்த மூன்றரை மாத நெல்லுக்கு 105 நாள் கூட்டினால் 2025 பெப்ரவரி 14 வர வேண்டும். வந்தால், டைம்டெல்டாவை 7 நாளாக்கி வாரத்துக்கு ஒரு திகதி எடுத்துப் பாருங்கள். ஆனால் மாதக் கணக்கில் கூட்ட முடியாது, டைம்டெல்டாவில் மாதம் என்று ஒன்று இல்லை.