உங்க டீம்ல எத்தனை பேர் சார்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் நான் இன்டர்வியூ எடுப்பேன், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கம்பெனிக்காக.

வார நாட்களில் ஜாவா எழுதுகிறவன் நான். பல கம்பெனிகளில் சீனியர்களுக்கு இன்டர்வியூவில் உட்கார நேரமில்லை. அதனால் முதல் டெக்னிக்கல் ரவுண்டை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் நிறுவனம் எனக்கு ஒரு இன்டர்வியூவுக்கு இவ்வளவு என்று தருகிறது. அமெரிக்காவில் இது பழைய தொழில். சியாட்டிலில் கராட் என்ற நிறுவனம் 2014-இல் இதைத் தொடங்கியது. தானே சோதித்துத் தேறியவர்களைக் கம்பெனிகளிடம் அனுப்பிவந்த டிரிப்பிள்பைட் என்ற நிறுவனத்தையும் 2023-இல் வாங்கிக்கொண்டது. கராட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: முதல் தடவை சொதப்பினால் இன்னொரு தடவை முயலலாம். எங்களிடம் அது கிடையாது.

போன வாரம் வந்த தம்பியிடம் எல்ஆர்யூ கேஷ் எழுதச் சொன்னேன். கேஷ் என்றால் அடிக்கடி வேண்டிய தகவலைக் கையருகே வைக்கும் சின்ன நினைவிடம். இடம் நிறைந்ததும், தொட்டு ரொம்ப நாளானதைத் தூக்கிப் போட வேண்டும். பெயரைச் சொன்னதும் தகவலை எடுத்துத் தரும் ஹாஷ்மேப் போட்டான், பழையதைக் கண்டுபிடிக்க முழுவதையும் லூப்பில் தேடினான். "தேடாமலே தெரியணும்னா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் கோத்து வைக்கும் இரட்டை லிங்க்டு லிஸ்டுக்கு வந்துவிட்டான். அந்த லிஸ்டின் வால் முனையை அப்டேட் செய்ய மறந்ததை, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பிடித்துத் திருத்தினான். எங்கள் ஃபார்மில் 'குறிப்பு கொடுத்தீர்களா' என்பதற்குக் கட்டம் இருக்கிறது. தானே பிழையைப் பிடிப்பதற்கு இல்லை. கீழே கமென்ட்டில் மூன்று வரி எழுதினேன், யார் படிப்பார்களோ.

கடைசி ஐந்து நிமிடம் அவன் கேள்வி கேட்கும் நேரம்.

"உங்க டீம்ல எத்தனை பேர் சார்? ஆன்-கால் எல்லாம் உண்டா?"

"நான் அந்தக் கம்பெனி இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ நீங்க யாரு சார்?"

அடையாள அட்டையைக் கேமராவில் காட்டி, லேப்டாப்பைச் சுற்றி அறை முழுக்கக் காட்டி, ரெக்கார்டிங்குக்குச் சம்மதமும் சொன்ன பையன். அவனுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஹெச்ஆரிடம் கேளுங்கள் என்று மழுப்பினேன்.

டீம் என்ன செய்கிறது, எத்தனை பேர், ஷிஃப்ட் உண்டா, இவ்வளவுதான், ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நடுவில் இருக்கும் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு மெயில் போட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது: வரும் சனிக்கிழமை கூடுதலாக இரண்டு ஸ்லாட் எடுக்க முடியுமா?