தூக்குவாளியும் வாரியலும்

வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால் பதினோரு மணிக்கு டீயும் உளுந்த வடையும் வரும், கையெழுத்து நோட்டு இரண்டு முறை சுற்றும், புரொஜக்டர் ஒரு தடவையாவது மக்கர் பண்ணும். 19 வருட சர்வீசில் இப்படி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. (நான் கணக்கு டீச்சர்தான். இருந்தாலும் இல்லை.) அதனால் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு பற்றிய ஒரு நாள் பயிற்சிக்கு என் பெயர் வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டையும் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பின் வரிசையில் இடம் பிடித்தால் பாதியாவது திருத்திவிடலாம்.

நாங்கள் இருப்பது திருநெல்வேலி மாவட்டம். இப்படி ஒரு பயிற்சி ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலினப் பையனைக் கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு அப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதிக்காரரை அதே பகுதியில் தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்று நிறையப் பரிந்துரைகள். எங்கள் வாட்ஸப் குழுக்களில் இந்தக் கடைசிப் பரிந்துரையைப் பற்றித்தான் ஒரு வாரம் பேச்சு. டிரான்ஸ்பர் என்ற வாசம் அடித்தால் போதும், எங்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று அதே அறிக்கையில் இருந்ததை ஒருவரும் பேசவில்லை.

பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் கயிறுக்கே போய்விட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. 2019இலேயே கயிறு பற்றிச் சுற்றறிக்கை வந்ததும், அது தனக்குத் தெரியாமல் வந்தது என்று அப்போதைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டதும் ஞாபகம் இருக்கிறதா என்று கருத்தாளர் கேட்டார். நிறையப் பேருக்கு இருந்தது. “எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாது மேடம், எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்காங்க” என்று ஆளாளுக்குச் சொன்னோம். நானும் சொன்னேன்.

அப்புறம் புரொஜக்டர் வழக்கம்போல நின்றது. கருத்தாளர் அதைச் சரி பண்ணச் சொல்லவில்லை. வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அவர். ஆளுக்கு ஒரு பாதித் தாள் கொடுத்தார். “போன வாரம் எந்தப் பிள்ளைகிட்ட என்ன வேலை சொன்னீங்கன்னு எழுதுங்க. யார்கிட்டயும் காட்ட வேண்டாம்.”

இது என்ன பெரிய விஷயம் என்று விறுவிறுவென்று எழுதினேன். சாக்பீஸ் டப்பா எடுத்து வருவது ஒருத்தி. நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமில் வைப்பது இன்னொருத்தி. முக்குக் கடையில் தூக்குவாளியில் டீ வாங்கி வருவது ஒருவன். வகுப்பை வாரியலால் கூட்டுவது ஒருவன். குழாயடியில் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டால் குச்சி விட்டுக் குத்துவதும் அதே பையன்தான். பிள்ளைகளை டீ வாங்க அனுப்புவதே தப்பு, தெரியும். அந்தத் தப்பு அன்றைக்கு இரண்டாவதாகிவிட்டது.

“இப்ப, ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ல இருக்கிற பேருக்கு மட்டும் பக்கத்துல ஒரு டிக் போடுங்க.”

எஸ்சி பிள்ளைகளின் பட்டியல் அது. வகுப்பாசிரியருக்கு மனப்பாடம். என் தாளில் இரண்டு டிக். இரண்டுமே ஒரே பெயருக்கு. ஒன்று வாரியலுக்கு, ஒன்று குழாயடிக்கு.

ஹாலில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. முன் வரிசையில் ஒரு சார் மட்டும், “அந்தப் பிள்ளைங்களுக்கு வேலை பழக்கம் மேடம், சொன்னா உடனே செய்வாங்க” என்றார். “எத்தனாங் கிளாஸ்ல இருந்து பழக்கம் சார்?” என்று கேட்டார் கருத்தாளர். சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவன் முணுமுணுக்காமல் செய்கிற பையன், அதனால்தான் அவனைக் கூப்பிடுகிறேன் என்று என் மனசுக்குள்ளும் அதே பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வயலில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு ஆச்சி அதில்தான் மோர் ஊற்றுவாள். குடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் பி.எட். படிக்கும்போது பியாஜே, ஸ்கின்னர் என்று உளவியல் அறிஞர்களை எல்லாம் படித்தேன். அந்த டம்ளரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் நினைத்ததில்லை. அன்றைக்குப் பாதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக நினைத்தேன். டீ வாங்க நான் ஏன் ஒரு தடவைகூட அந்தப் பையனை அனுப்பவில்லை?

ஸ்காலர்ஷிப் பட்டியல் என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும், “எஸ்சி ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எந்திரிங்க, பாஸ்புக் ஜெராக்ஸ் யார் யார் தரலை?” என்று வகுப்பில் சத்தமாகக் கேட்பவள் நான். தலைமையாசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சந்துரு அறிக்கையில் இருக்கிறது. இதை ஒரு நீதிபதி எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அப்படி எழுந்து நிற்கிற பிள்ளைகள் மேசையைப் பார்த்தபடி நிற்பார்கள். பாஸ்புக் கொண்டுவராத கூச்சம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது, யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வழக்கம்போலத்தான் உட்கார்ந்தோம். விடைத்தாள் கட்டு பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை கரும்பலகை ஓரத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, பையன் பெண் என்று பார்க்காமல், தினமும் இரண்டு பேர் கூட்ட வேண்டும். புதன்கிழமை, டீ வாங்கப் போகிற பையனின் முறை வந்தது. கூட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை பிரேயர் முடிவதற்குள் அவன் அப்பா பள்ளியில் நின்றார்.

“படிக்கத்தான டீச்சர் அனுப்புதேன். வாரியல் பிடிக்கவா?”

அவர் கேட்டது நியாயம்தான். இரண்டு வருஷமாக வாரியல் பிடித்தவனின் அப்பா ஒரு நாளும் வந்து இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லி அனுப்பியிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “விடுங்க டீச்சர், எதுக்கு வம்பு, முன்ன மாதிரியே நடக்கட்டும்” என்றார். முன்ன மாதிரி முடியாது சார் என்றேன். கூட்ட ஆள் போடுங்கள் என்று மேலாண்மைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வருகிறவரை வகுப்பை நானே கூட்டிக்கொள்கிறேன். முதல் நாள், இதுவரை கூட்டிவந்த அந்தப் பையன் ஓடி வந்து என் கையிலிருந்து வாரியலைப் பிடுங்கப் பார்த்தான். போய் உட்காருல என்றேன்; உட்காராமல் நான் முடிக்கிறவரை வாசலிலேயே நின்றான்.

டீக்கும் இப்போது இடைவேளையில் நானேதான் போய் வருகிறேன். கடைக்காரர், “என்ன டீச்சர், பையன் லீவா?” என்று கேட்டார்.