மைன்கிராஃப்டில் இடைக்கால வீடும் எரிந்துபோன கூரையும்

கனசதுரக் கட்டிகளை (பிளாக்) அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டில் வீடு கட்டுவது பெரிய வேலையன்று. கட்டிய வீட்டை இடைக்கால ஐரோப்பிய வீடாகத் தோன்றச் செய்வதுதான் வேலை. அந்த வேலையில் இறங்குமுன், பார்க்கப்போகும் காணொளி எந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதை எங்களுக்கு யாரேனும் முன்கூட்டியே சொல்லியிருந்தால், கோத்தகிரியின் ஐப்பசி மழையில் வெளியே போகவும் வழியில்லாமல் வாய்த்த விடுமுறையின் பெரும்பகுதி வீணாகியிருக்காது.

நானும் என் அக்கா மகனும் விளையாடுவது கைபேசியிலும் டேப்லெட்டிலும். ஆகவே எங்களுடையது பெட்ராக் பதிப்பு. நாங்கள் நம்பிப் பின்பற்றிய காணொளியோ கணினிக்கான ஜாவா பதிப்பில் எடுக்கப்பட்டது. அதைத் தலைப்பிலும் சொல்லவில்லை, பேச்சிலும் சொல்லவில்லை. அதில் வருபவர் பொருளை மாட்டும் சட்டமான ஐட்டம் ஃப்ரேமை ஒரு கட்டளையின் மூலம் கண்ணுக்குத் தெரியாதபடி வரவழைத்துக் கோடாரியைச் சுவரில் மாட்டுகிறார். பிளாக்கின் அமைப்பை மாற்றும் கோலான டீபக் ஸ்டிக்கைக் கொண்டு வேலியின் இணைப்புகளைத் தம் விருப்பப்படி மாற்றுகிறார். பெட்ராக்கில் டீபக் ஸ்டிக்கே கிடையாது. அந்தக் கட்டளையையும் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான் வந்தது. காணொளியை வெளியிட்டவரிடம் கேட்டதற்கு, தமக்குச் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். இதில் ஒரே ஆறுதல், உலகத்தை நகலெடுத்து அந்த நகலில் சோதித்துப் பார்த்ததுதான். கட்டளை கொடுக்க வேண்டுமானால் சீட்ஸ் (ஏமாற்று வசதி) என்ற அமைப்பை இயக்க வேண்டும். பெட்ராக்கில் அதை இயக்கிய உலகத்தில் அதன்பிறகு சாதனைகள் எதுவும் பதிவாகா. அசல் உலகத்தில் இயக்கியிருந்தால் பையன் என்னோடு பேசியிருக்கமாட்டான். கோடாரியைக் காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் பெட்ராக்கில் அதற்கு எளிய வழி ஒன்று உண்டு: கவசம் மாட்டும் தாங்கியான ஆர்மர் ஸ்டாண்டின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, குனிந்தபடி தட்டினால், அது நிற்கும் நிலையை மாற்றிக்கொண்டே போகலாம்.

இனி வீட்டுக்கு வருகிறேன். மூலைகளில் ஓக் மரக்கட்டைகள், நடுவில் வெள்ளைச் சுவர், மேலே கூரை என்று முதலில் கட்டி முடித்தபோது அது கதவு வைத்த தீப்பெட்டியாகத்தான் நின்றது. காரணம் எளிது: மரச்சட்டமும் சுவரும் ஒரே தளத்தில் இருந்தன. அந்தக் காலத்து மரச்சட்ட வீடுகளில் பாரத்தைத் தாங்கியது மரம். சட்டங்களுக்கு நடுவே வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர் வெறும் அடைப்புதான். ஆகவே மரம் முன்னால் நிற்க வேண்டும், சுவர் உள்ளே போக வேண்டும். சுவரை ஒரு பிளாக் உள்ளே தள்ளியவுடனே வீட்டுக்கு நிழல் வந்துவிட்டது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் பள்ளம் வைத்தால் வீடு கோட்டையாகிவிடும். சிறிய ஆழங்களுக்கு மடக்குக் கதவான ட்ராப்டோரைப் பயன்படுத்துங்கள். அதன் தடிமன் ஒரு பிளாக்கில் 3/16 பங்குதான். ஜன்னல் கதவாகவும், சுவரின் மேல் பட்டியாகவும், பூந்தொட்டியின் பக்கப் பலகையாகவும் அது ஒன்றே போதும். ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி பிளாக் வேண்டாம், மெல்லிய கண்ணாடித் தகடு (பேன்) போதுமானது.

மேல்தளத்தைக் கீழ்த்தளத்தைவிட ஒரு பிளாக் வெளியே நீட்டுவது இடைக்கால வீட்டின் முக்கிய அடையாளம். காணொளியில் அதை நீட்டிவிட்டு, அடியில் எதையும் வைக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தரத்தில் தொங்கும் அறையைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. உதகையில் 1829-30ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த உத்தரங்கள் அங்கே இருக்கின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து மரத்தைச் சுமந்துவந்ததற்குக் காரணம், கூரை என்பது எதன்மீதாவது உட்கார்ந்தாக வேண்டும் என்பதுதான். அது இடைக்காலத்துக் கட்டடம் அன்று என்பது எனக்கும் தெரியும். பாரம் எங்கே இறங்குகிறது என்பதைப் பையனுக்குக் காட்ட எனக்கு அருகில் கிடைத்த சான்று அது. நாங்கள் நீட்டிய தளத்துக்கு அடியில் மரக்கட்டைகளைப் படுக்கைவாட்டில் வைத்து, அவற்றின் முனை வெளியே தெரியும்படி விட்டோம். சுவரின் முகத்தில் தட்டி வைத்தால்தான் கட்டை படுக்கும். தரையில் தட்டினால் நட்டுக்கொண்டு நிற்கும். முனைகளில் மரத்தின் வளையங்கள் வரிசையாகத் தெரிந்ததும், அவற்றுக்குக் கீழே தலைகீழாக வைத்த படிகள் தாங்குகட்டைகளாகிவிட்டன. கோடாரி கையில் இருக்கும்போது கட்டையைத் தட்டிவிடாதீர்கள். பட்டை உரிந்துவிடும், உரிந்த பட்டையைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

வெள்ளைச் சுவருக்கு எந்தப் பிளாக் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு சிறு போரே நடந்தது. டயோரைட் கல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பிர்ச் பலகையில் மஞ்சள் தட்டுகிறது. வெள்ளை கான்க்ரீட் புதிதாகக் கட்டிய மருத்துவமனைச் சுவர்போல் பளிச்சிடுகிறது. எனக்குப் பிடித்தது கால்சைட் என்ற வெள்ளைக் கல். படிகக் கூடான அமெதிஸ்ட் ஜியோடை உடைத்தால் வெளியே பஸால்ட், நடுவில் கால்சைட், உள்ளே அமெதிஸ்ட் என்று அடுக்கடுக்காகக் கிடைக்கும். அதைத் தேடி நான் நிலத்தடியில் அலைந்துகொண்டிருந்தபோதுதான், "மாமா, கூரை எரியுது!" என்ற குரல் கேட்டது.

நான் மேலே வருவதற்குள் கூரையில் பாதி இல்லை. காணொளியில் சொன்னபடியே பையன் கீழ்த்தள அடுப்பங்கரையில் பற்றவைத்தால் அணையாமல் எரியும் நெதர்ராக்கை வைத்துப் பற்றவைத்திருக்கிறான். சுற்றிலும் கல் வைத்துக் கட்டிவிட்டால் பயமில்லை என்று அந்தக் காணொளி உறுதி கூறுகிறது. அது தவறு. இந்த விளையாட்டில் நெருப்பு பக்கவாட்டில் ஒரு பிளாக்கும், மேல்நோக்கி நான்கு பிளாக் வரையிலும் தாவும்; இடையில் கல் இருப்பது அதைத் தடுப்பதில்லை. எங்கள் உத்தரம் அந்த எல்லைக்குள் இருந்தது. உத்தரம் பற்றியதும், அங்கிருந்து தளம், கைமரம், கூரைப் படிகள் என்று மரமாக இருந்த அனைத்தையும் தீ ஏறிப் பிடித்துவிட்டது. விளையாட்டுக்குள் மழை பெய்தால் திறந்தவெளியில் எரியும் தீ அணைந்துவிடும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கோத்தகிரி முழுவதும் நனைந்துகொண்டிருக்க, அந்த உலகத்தில் மட்டும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றி முக்கோணச் சுவர் ஒன்றை மட்டும் காப்பாற்றினோம். அதற்குள் மின்சாரமும் போய்விட்டது.

புகை வேண்டுமென்றால் நெருப்பு வேண்டியதில்லை, கேம்ப்ஃபயர் (முகாம் தீ) என்ற பிளாக் போதும். அது பக்கத்திலுள்ள மரத்துக்குத் தீயைப் பரப்பாது, மழையிலும் அணையாது. புகைக்கூண்டின் உச்சியில் வைக்கோல் கட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கேம்ப்ஃபயரை வைத்து, சுற்றிலும் ட்ராப்டோரால் மறைத்துவிடுங்கள். வைக்கோல் இல்லாவிட்டால் புகை ஏறத்தாழ 10 பிளாக் உயரம்தான் எழும். வைக்கோல் இருந்தால் 24 பிளாக் வரை போகும். தேவையானது இவ்வளவுதான், இதைச் சொல்ல அந்தக் காணொளிக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எரிந்த கூரையை மறுபடி மரத்தால் போட எனக்கு மனம் வரவில்லை. நிலத்தடியின் ஆழத்தில் கிடைக்கும் டீப்ஸ்லேட் கல்லை வெட்டிவந்து, கல் அறுக்கும் கருவியான ஸ்டோன்கட்டரில் ஓட்டுப் படிகளாக அறுத்துக்கொண்டோம். ஒரு படி, ஒரு முழு பிளாக் என்று மாற்றி மாற்றி வைத்தால் சரிவு செங்குத்தாகும். இடைக்கால வீட்டுக்கு அந்தச் செங்குத்துதான் அழகு. விளிம்பை மட்டும் ஸ்ப்ரூஸ் மரத்தால் கட்டி, சுவரைத் தாண்டி ஒரு பிளாக் வெளியே இறக்கினோம். கருஞ்சாம்பல் ஓடும் பழுப்பு விளிம்பும் சேர்ந்தபோது, முதலில் போட்டிருந்த கூரையைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்று பையனே ஒப்புக்கொண்டான். பரணில் இரண்டு லாந்தர்களை மறக்காமல் தொங்கவிடுங்கள். விளையாட்டின் 1.18 பதிப்பிலிருந்து ஒளி அறவே இல்லாத இடத்தில்தான் பகை உயிர்கள் தோன்றும் என்றாலும், மூடிய பரண் அப்படிப்பட்ட இடம்தான். எங்கள் பரணில் ஒரு ஸாம்பி குடியேறியிருந்தது.

கடைசியாகப் பாசி. கல் அடித்தளத்தில் பாசி படிந்த காபிள்ஸ்டோனை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் பழைய கல்சுவர் ஒன்று இருக்கிறது. கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அது பச்சையாக இருக்கும். இறவாரத்தின் மறைவில் இருக்கும் மேற்பகுதியில் கல்லின் சொந்த நிறம் மாறவே இல்லை. குழாய் கசியும் மூலையில் மட்டும் பாசி ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அதைப் பார்த்துக் கீழ்வரிசையில் அடர்த்தியாகவும், அடுத்த வரிசையில் ஒன்றிரண்டாகவும், இரண்டு கூரைகள் சந்திக்கும் மூலையில் மட்டும் உயரமாகவும் வைத்தோம். அதன்பிறகுதான் வீடு பழையதாகத் தோன்றியது. கொடி வைப்பதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அது தானாகவே வளர்ந்து ஜன்னலை மூடிவிடும். படரும் தோற்றம் மட்டும் போதுமென்றால், கத்தரியால் வெட்டியெடுத்த இலை பிளாக்குகளை வையுங்கள். கையால் வைத்த இலை உதிர்வதில்லை, வைத்த இடத்தைவிட்டு வளர்வதுமில்லை.